சண்டை போடுமா என்பதற்கு முன் கேட்க வேண்டியவை: தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன் சேரும்?

மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த மீனும் அந்த மீனும் சண்டை போட்டுக்கொள்ளுமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் வரிசையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டியது. கடிபட்டுச் செத்த மீனை நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம், அதனால் சண்டை பெரிதாகத் தெரிகிறது. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமலோ, சூடு ஒத்துக்கொள்ளாமலோ, பக்கத்து மீன் தீனியை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதாலோ இரண்டு மூன்று மாதத்தில் மெலிந்து, நிறம் மங்கி, ஒருநாள் காலையில் மல்லாந்து கிடக்கும் மீனை மட்டும் "ஏதோ நோய்" என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த மீனை வாங்கி வருகிறோம். அந்த மீனும் பொருந்தாத கூட்டத்தில் இருந்ததால்தான் செத்தது.

என்னைக் கேட்டால், தேர்வை ஒரே ஒரு மீனிலிருந்து தொடங்குங்கள். எந்த மீனைப் பார்க்க வேண்டும் என்று இந்தத் தொட்டியை வைக்கிறீர்களோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபைட்டரா, ஏஞ்சலா, கப்பியா, தங்கமீனா? அந்த ஒன்று முடிவானதும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும், சூடு எவ்வளவு, தொட்டி எவ்வளவு பெரிது, அடியில் மணலா கல்லா என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். மற்ற மீன்கள் அந்த ஏற்பாட்டுக்குள் வாழக்கூடியவையா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிடித்த மீன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான தண்ணீர் எது என்று அப்புறம் தேடினால் அப்படி ஒன்று கிடைக்காது.

சூட்டிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். தங்கமீன் குளிர்ந்த நீர் மீன், 18 முதல் 22 டிகிரி வரை அதற்குச் சுகம். ஏஞ்சலுக்கு 24 முதல் 28 வேண்டும். டிஸ்கஸ் 28-க்குக் கீழே போனாலே முகம் சுளிக்கும், 30 வரை கேட்கும். தங்கமீனையும் டிஸ்கஸையும் ஒரே தொட்டியில் போட்டால் சண்டையே வராமல் இரண்டில் ஒன்று வருந்திக்கொண்டிருக்கும். சூடு கூடக் கூடத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.6 தான். அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். குளிர்ந்த நீர் மீனைச் சூடான தொட்டியில் வைத்தால் அது எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பது இதனால்தான். தங்கமீனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிறைய தின்னும், நிறையக் கழியும், வாயில் நுழைகிற சின்ன மீனையும் விழுங்கிப் பார்க்கும். அதைத் தன் இனத்தோடு மட்டும் பெரிய தொட்டியில் வைப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது தண்ணீரின் குணம். நியான், கார்டினல் போன்ற டெட்ராக்கள் அமேசான் பகுதியின் மென்மையான, அதாவது தாதுக்கள் குறைந்த, அமிலத்தன்மை உள்ள நீரிலிருந்து வந்தவை. கார்டினல் வாழும் ரியோ நெக்ரோ ஆற்றில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 5-க்கும் கீழே இறங்குவது உண்டு. பல தொட்டி மீன்களின் தாயகமான, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் அதே பி.எச். 7.7 முதல் 8.6 வரை, நீரில் தாதுக்களும் நிறைய. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களும் இப்படித் தாதுக்கள் நிறைந்த கடின நீரைத்தான் விரும்பும். பண்ணையில் பல தலைமுறையாக வளர்ந்த மீன்கள் ஓரளவு எந்த நீருக்கும் பழகியிருக்கும் என்பது உண்மைதான், நியான்கூட நடுத்தரக் கடின நீரில் நன்றாகவே வாழ்கிறது. அதனால் தசமப் புள்ளிக்காக மருந்து ஊற்றி பி.எச்.சை ஏற்றி இறக்க வேண்டாம், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை அதிகம் வாட்டும். உங்கள் குழாயில் வருகிற நீர் கடினமானதா மென்மையானதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற மீனைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரை மாற்றுவதைவிட மீன் பட்டியலை மாற்றுவது எளிது. மோலிக்கு நல்லது என்று தொட்டியில் உப்புப் போடும் பழக்கமும் இருக்கிறது. மோலி தாங்கும், அதே தொட்டியில் இருக்கும் டெட்ராவும், அடியில் மேயும் கோரிடோரஸ் கெளுத்தியும் என்ன பாடுபடும் என்று யாரும் யோசிப்பதில்லை.

சரி, வாய்க்கு வருவோம். வாயில் நுழைவது எல்லாம் தீனி, இதுதான் மீனின் கணக்கு. இதற்கு ஏஞ்சலும் நியானும் நல்ல உதாரணம். இரண்டும் தென் அமெரிக்க மீன்கள், இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான நீர், இரண்டையும் சாதுவான மீன் என்றே சொல்வார்கள். வாங்கும்போது ஏஞ்சல் ஒரு நாணயம் அளவுதான் இருக்கும், நியான் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எட்டு மாதம், பத்து மாதம் எல்லாம் அமைதியாகவே போகும். அதற்குள் ஏஞ்சல் நன்றாக வளர்ந்து, மேலும் கீழும் உள்ள துடுப்புகளையும் சேர்த்தால் ஒரு சாண் உயரத்துக்கு வந்திருக்கும். நியானோ எவ்வளவு வளர்ந்தாலும் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், உடம்பும் ஒல்லி. ஒருநாள் பார்த்தால் பன்னிரண்டில் ஒன்பதுதான் இருக்கும். அடுத்த வாரம் ஏழு. சண்டை நடந்த தடயமோ செத்த உடலோ எங்கும் இருக்காது. ஏஞ்சல் திடீரென்று கெட்ட மீனாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, இயற்கையிலும் சிறு டெட்ராக்கள் அதன் உணவில் ஒரு பகுதிதான். பெரிய நியான்களோடு குட்டி ஏஞ்சல்களைச் சேர்த்து வளர்த்துப் பல ஆண்டுகள் பிரச்சினை இல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அதை நம்பி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏஞ்சல்தான் வேண்டும் என்றால் கொங்கோ டெட்ரா போல உடம்பு பருத்த மீனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, மீனைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய அளவைப் பார்க்காமல் வளர்ந்த பிறகு வரும் அளவைக் கேட்க வேண்டும். விற்பனைக்கு வரும் மீன் பெரும்பாலும் குட்டிதான். விரல் நீளத்தில் அழகாக நீந்தும் ஆஸ்கர் 30 சென்டிமீட்டரைத் தொடும். சில்வர் ஷார்க்கும் அப்படியே. ஷார்க் என்ற பெயரிலேயே விற்கும் பங்காசியஸ் கெளுத்தி ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய ஆற்று மீன், வீட்டில் வைக்கும் எந்தத் தொட்டியும் அதற்குப் போதாது. பாசி தின்னும், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தரும் சக்கர் மீன் 40 சென்டிமீட்டர் வரை போகும், தின்னும் பாசியைவிட அது போடும் கழிவு அதிகம். வளர்ந்த பிறகு இரவில் தங்கமீன், டிஸ்கஸ் போன்ற அகன்ற உடம்புள்ள மீன்கள்மீது ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சிப் புண்ணாக்கிவிடவும் செய்யும். பாசிக்கு மீன் வேண்டும் என்றால் பிரிஸ்டில்நோஸ் என்னும் மீசைக்கார இனம் 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், அதைத் தேடி வாங்குங்கள்.

அளவு என்றதும் "ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன்" என்ற பழைய விதி நினைவுக்கு வரும். அதை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 2.5 சென்டிமீட்டர் மீன் பத்து, 25 சென்டிமீட்டர் மீன் ஒன்று, இரண்டும் விதிப்படி சமம். ஆனால் அதே உடல்வாகுள்ள மீனின் நீளம் பத்து மடங்கானால் எடை பத்து மடங்கோடு நிற்காது, நீளம், உயரம், அகலம் மூன்றும் பெருகி ஆயிரம் மடங்காகும். அதாவது அந்தப் பெரிய மீன் ஒன்று, சின்ன மீன் ஆயிரத்துக்குச் சமம். கழிவும் கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் ஏறும். சின்ன மீன்களுக்குள் ஒப்பிட ஒரு தோராயமாக அந்த விதி உதவலாம், அதற்கு மேல் அதை எடுத்துப் போகாதீர்கள்.

இப்போது சண்டை. மீன் பொதுவாகத் தன்னைப் போலவே இருக்கிற மீனைத்தான் முதல் எதிரியாகப் பார்க்கும், ஏனென்றால் இடத்துக்கும் பெண்ணுக்கும் போட்டி போடப்போவது அதுதான். ஆண் ஃபைட்டர்கள் இரண்டு ஒரே தொட்டியில் இருக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோகை போன்ற வாலும் பளிச்சென்ற நிறமும் கொண்ட ஆண் கப்பியையும் அது இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் துரத்தக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குராமியும் அப்படித்தான், இரண்டும் நேரடியாக மேற்பரப்புக்கு வந்து காற்றைக் குடிக்கும் ஒரே உறவுக் கூட்டம். அதே ஃபைட்டர் வேறு சில மீன்களிடம் பாவமாக அடிவாங்கும். அந்த நீண்ட துடுப்புகள் மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை, காட்டு ஃபைட்டருக்குத் துடுப்பு சிறியது. இவ்வளவு பெரிய துணியை இழுத்துக்கொண்டு நீந்தும் மீனால் வேகமாகத் திரும்ப முடியாது. டைகர் பார்ப் இருக்கும் தொட்டியில் அதை விட்டால் சில நாட்களிலேயே துடுப்பின் ஓரமெல்லாம் கடிபட்டுக் கிழிந்து தொங்கும், கிழிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அந்த டைகர் பார்ப்பைக் கெட்ட மீன் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். பெரும்பாலும் பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டு மூன்று டைகர் பார்ப் வாங்கிப் போட்டால் அவற்றுக்குத் தங்களுக்குள் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளக் கூட்டம் போதாது, அந்த வேகம் முழுவதும் பக்கத்து மீனின் வாலில் இறங்கும். எட்டு பத்தாக வைத்தால் துரத்தலும் கடியும் பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். கூட்டமாக வாழும் எல்லா மீனுக்கும் இது பொருந்தும். "ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி" என்று பத்து இனங்களில் இரண்டிரண்டு வாங்குவதைப் போலப் பார்க்கப் பாவமான தொட்டி வேறில்லை. இரண்டு நியான்கள் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிறம் வெளிறி நிற்கும், அதே மீன் பத்துப் பன்னிரண்டு இருந்தால் நடுத்தொட்டியில் வந்து நீந்தும், நீலக்கோடு விளக்கு போட்டதுபோல் தெரியும். இருபது மீனுக்கு இடம் இருக்கிறதென்றால் இரண்டே இனத்தில் பத்துப் பத்தாக வாங்குங்கள்.

சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தின் வகைகளில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். ஏஞ்சல், கிரிபென்சிஸ், கான்விக்ட் இவையெல்லாம் முட்டை இடும்வரை ஒரு மீன், முட்டை இட்ட மறுநாள் வேறு மீன். ஏஞ்சல் ஜோடி ஓர் அகன்ற இலையையோ ஃபில்டர் குழாயையோ தேர்ந்தெடுத்து வாயால் சுத்தம் செய்யத் தொடங்கினால் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அவ்வளவு அழகான காட்சி அது. ஆனால் ஓரிரு நாளில் முட்டை ஒட்டியதும் மற்ற மீன்கள் அத்தனையும் எதிர்மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்கும், எல்லை தாண்டி வருவதற்கு அடி விழும். கிரிபென்சிஸ் தரையில் உள்ள குகையில் முட்டை இடுவதால் அடியிலேயே திரியும் கோரிடோரஸுக்குத்தான் அதிகம் அடி. மலாவி ஏரியின் பாறை மீன்களுக்கோ வேறு முறை: அவற்றைக் கொஞ்சம் நெருக்கமாகவே வைத்து, பாறைகளை நிறைய அடுக்கி, யாரும் ஓர் இடத்தைச் சொந்தம் கொண்டாட முடியாதபடி செய்வார்கள். அதற்குப் பெரிய தொட்டியும் வலுவான ஃபில்டரும் வேண்டும், முதல் தொட்டிக்கு அது வேண்டாம். சிக்லிட்களிலேயே மிகவும் மூர்க்கமான ஃப்ளவர்ஹார்ன் தனியாகவே வாழட்டும்.

கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் வைப்பவர்களுக்குச் சண்டையைவிடப் பெருக்கம்தான் கவலை. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும், பெண் கப்பி ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்வதால் ஆணே இல்லாத தொட்டியிலும் குட்டி வரும். ஆண்கள் ஓயாமல் துரத்துவதால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்ணாவது இருந்தால்தான் ஒரு பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பெருக்கம் வேண்டாம் என்றால் ஆண் கப்பிகளை மட்டும் வைக்கலாம், நிறமும் அவற்றுக்குத்தான்.

தீனி போடும் நேரத்தில் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடம் கவனித்தால் எந்த மீன் எதோடு சேரவில்லை என்பது தெரிந்துவிடும். தீனி மேலே விழுந்த நொடியில் ஜீப்ரா டேனியோக்கள் அம்பு மாதிரி வந்து கொத்தும், பார்ப்கள் நடுவில் மறித்துத் தின்னும். ஃபைட்டர் திரும்பி வந்து சேர்வதற்குள் பாதி முடிந்திருக்கும். தரைக்கு எதுவுமே வராது. கோரிடோரஸை "மிச்சம் மீதி தின்று சுத்தம் செய்யும் மீன்" என்று சொல்லி வாங்குகிறவர்கள் அது பட்டினியில் வயிறு ஒட்டிப்போவதை இப்படித்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். அதற்கென்று மூழ்கும் வில்லைத் தீனி விளக்கை அணைத்த பிறகு போட வேண்டும், கூர்மையான கல் இருந்தால் அதன் மீசை தேய்ந்துபோகும் என்பதால் அடியில் மென்மணல் வேண்டும், அதுவும் கூட்ட மீன்தான், குறைந்தது ஆறு மீன் இருக்க வேண்டும். தாவரம் சுரண்டித் தின்னும் மலாவி மீனையும் இறைச்சித்தீனி கேட்கும் மீனையும் ஒன்றாக வைத்தால் யாருக்காவது வயிறு கெடும். மேல், நடு, அடி என்று வெவ்வேறு மட்டத்தில் வாழும் மீன்களாகப் பார்த்து எடுத்தால் இந்த நெருக்கடி பாதி குறையும்.

பொருந்திப் போகும் சில கூட்டங்களைச் சொல்கிறேன். 60 லிட்டரில் ஓர் ஆண் ஃபைட்டர், கூடவே எம்பர் டெட்ரா எட்டு, அடியில் குட்டி கோரிடோரஸ் ஆறு. செடி அடர்த்தியாக இருக்கட்டும், ஃபைட்டரின் குணம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதைத் தனியே பிரித்து வைக்க ஒரு சின்னத் தொட்டி கைவசம் இருப்பது நல்லது. 120 லிட்டரில் நியான் பன்னிரண்டு, கோரிடோரஸ் ஆறு, தேன் குராமி ஒரு ஜோடி. என் மனதுக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இதுதான், மூன்றும் ஒன்றின் வழிக்கு ஒன்று போவதே இல்லை. கடின நீர் என்றால் பிளாட்டியும் மோலியும் எடுக்கலாம், தொட்டி 200 லிட்டருக்கு மேல் இருந்தால் பொசெமானி ரெயின்போவையும் சேர்க்கலாம். டிஸ்கஸ் வைப்பவர்களுக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் கார்டினலும் ஸ்டெர்பாய் கோரிடோரஸும் இருக்கின்றன.

மீனைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அமோனியாவின் விஷத்தன்மை பி.எச்.சைப் பொறுத்தது: 25 டிகிரி நீரில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, பி.எச். 8 ஆனால் நூற்றில் ஐந்துக்கு மேல். கடின நீரில் மீன் வைப்பவர்கள் இன்னும் நிதானமாகப் போக வேண்டியது இதனால்தான். முதலில் சாதுவான கூட்ட மீன், சில வாரம் கழித்து அடிமட்ட மீன், இடம்பிடித்து உரிமை கொண்டாடும் மீன் கடைசியில். முதலில் வந்த சிக்லிட் தொட்டி முழுவதையும் தன்னுடையது என்று எண்ணிவிடும், கடைசியில் வந்தால் மற்றவர்கள் இருப்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்கும். ஏற்கெனவே அப்படி ஒரு மீன் உள்ளே இருந்தால் புது மீனை விடும் அன்று கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வையுங்கள், பழைய எல்லைகள் கலைந்துவிடும். புது மீன் எதுவானாலும் இரண்டு வாரமாவது தனித்தொட்டியில் இருந்து வரட்டும், வெள்ளைப்புள்ளி நோய் உள்ளே வர ஒரே ஒரு மீன் போதும்.

இவ்வளவு பார்த்தும் சேராமல் போவது உண்டு. துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, ஹீட்டருக்குப் பின்னாலேயே நிற்பது, தீனிக்கு வராதது, வால் நுனி ரம்பம் போலக் கிழிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலே அந்த மீனையோ அதைத் துரத்தும் மீனையோ அன்றே பிரித்துவிடுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். நடுவில் தடுப்பு வைக்கலாம், இன்னொரு தொட்டி வைக்கலாம், சரியான தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். ஏரியிலோ குளத்திலோ மட்டும் விடாதீர்கள். அப்படித் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியே போன சக்கர் மீன்கள்தான் இன்று பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, கரைகளைத் துளைத்து, உள்ளூர் மீன்களின் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொண்டு இருக்கின்றன.